சிவப்பு வண்டிக்கு முன்னர்: வவுனியாவில் ஒரு தீயணைப்பு நூதனசாலை

வவுனியா நகரில் நூதனசாலை எங்கே என்று கேட்டால் தொல்பொருள் திணைக்களத்தின் நூதனசாலைக்குத்தான் வழி சொல்வார்கள். இந்த அத்தியாயம் வேறொரு வகை நூதனசாலையைப் பற்றியது. வன்னியில் தீ எப்படிப் பிடித்தது, அதை யார் எதைக்கொண்டு அணைத்தார்கள், எதை அணைக்க முடியாமற் போயிற்று என்பவற்றைச் சேர்த்து வைக்கும் இடம் அது. ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர் ஒருவரோ, உள்ளூராட்சி மன்ற உறுப்பினரோ, ஒரு சனசமூக நிலையமோ, ஒரு வரலாற்று ஆசிரியரோ இதைத் தொடங்கக்கூடும். அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

தொடங்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் தேடுவது ஒரு பழைய தீயணைப்பு வண்டியை. மேலைநாட்டுத் தீயணைப்பு நூதனசாலைகளின் படங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். லண்டன் மெரிவெதர் நிறுவனத்தின் நீராவிப் பம்பு, கில்ட்ஃபோர்டின் டென்னிஸ் வண்டி, பளபளக்கும் பித்தளைத் தலைக்கவசம் என்று அவர்களுக்கு இருநூறு வருடத்துப் பொருட்கள் இருக்கின்றன. வன்னியின் கதை அப்படிப்பட்டதல்ல. இங்கே பெரும்பாலான தீக்களை வண்டி வருமுன்னரே, அல்லது வண்டி என்ற ஒன்று இல்லாமலே, ஊர்ச் சனம் கிணற்றுத் தண்ணீராலும் பச்சைக் குழையாலும் நனைத்த சாக்காலும் அணைத்தது. அணைக்க முடியாதவை எரிந்து முடிந்தன. அந்த அனுபவத்தைச் சொல்லாமல் ஒரு வண்டியை மட்டும் நிறுத்தி வைத்தால், பிள்ளைகள் அதன்மேல் ஏறிப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

முதற் காட்சிப்பொருள்

என்னைக் கேட்டால் வாசலிலேயே இரண்டு விளக்குகளை வைப்பேன்.

ஒன்று ஜாம் போத்தல் விளக்கு. 1990களில் பொருளாதாரத் தடை காலத்தில் வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், சைக்கிள் வால்கட்டைக்குள் செருகிய மெல்லிய திரி. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாக இருந்தபோது ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். சிக்கனத்துக்காகச் செய்த விளக்கு என்பதால் அதில் எண்ணெய் மிகக் குறைவு. அதனால் அது ஓரளவு பாதுகாப்பாகவும் இருந்தது. வெறும் போத்தலில் எண்ணெயை நிரப்பி, மூடியைத் துளைத்துத் திரி போட்ட குப்பிவிளக்கு அப்படியல்ல. தட்டுப்பட்டால் உருளும், மூடி கழன்று எண்ணெய் ஊற்றும், பாயும் உடுப்பும் பற்றும்.

இரண்டாவது விளக்கு அந்தக் குப்பிவிளக்குக்கு இலங்கை கண்ட மாற்று. மண்ணெண்ணெய் விளக்கு கவிழ்ந்து எரிகாயத்தோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த அறுவைச் சிகிச்சை வைத்தியர் விஜய கொடகும்புர, கவிழாத விளக்கு ஒன்றை வடிவமைத்தார். குட்டையான, கனத்த கண்ணாடி. உருளாமல் இருக்க இரண்டு பக்கம் தட்டை. கழன்று விழாத திருகு மூடி. மார்மைட் போத்தலின் வடிவம்தான் அவருக்கு வழிகாட்டியது. சுதீபா என்று பெயரிட்ட அந்த விளக்குக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. தீயணைப்பின் வரலாறு தண்ணீர் பீச்சுவதோடு முடிவதில்லை, தீ பிடிக்காமல் தடுத்தவர்களும் அதில் சேர்த்தி என்பதை இந்தக் கண்ணாடிப் போத்தலைவிடத் தெளிவாகக் காட்டும் பொருளை நான் அறியேன். வன்னி வீடொன்றின் விளக்கும் தெற்கின் வைத்தியர் ஒருவர் செய்த விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது இந்த ஊருக்குப் பொருத்தமான தொடக்கமும் கூட.

அடுத்து வைக்க வேண்டியது கூரை. கிடுகும் பனையோலையும் வேய்ந்த வீடுகளில் குசினியை ஏன் தனியாக, வீட்டிலிருந்து தள்ளிக் கட்டினார்கள்? சோளகக் காற்று வீசும் மாதங்களில் அடுப்பை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்? சூடு வைத்த வயலில் இரவுக் காவல் எப்படி இருந்தது? கூரை பற்றினால் அதை இழுத்து விழுத்தினார்களா, எதனால்? இவற்றை வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள். துலா, ஓலைப்பட்டை, வாளி, கொக்கத்தடி ஆகியவற்றை அவர்களின் சொல்லோடு சேர்த்து வையுங்கள். பழைய இங்கிலாந்தில் தேவாலயச் சுவர்களில் நீண்ட இரும்புக் கொக்கிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள், தீப்பிடித்த புற்கூரையை இழுத்து விழுத்துவதற்காக. அதன் படமொன்றைக் கொக்கத்தடிக்கு அருகில் மாட்டினால் பார்ப்பவர் தானாகவே விளங்கிக்கொள்வார்.

ஓலைக் கூரை பற்றினால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர்களிலும் பாடம் உண்டு. சிங்கப்பூரில் 1961 மே 25ஆம் திகதி புக்கிட் ஹோ ஸ்வீ குடியிருப்பு எரிந்தது. அத்தாப்பு ஓலையும் மரமும் கொண்ட வீடுகள். நால்வர் இறந்தார்கள், ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். அந்தத் தீக்குப் பிறகுதான் அந்நாட்டின் அடுக்குமாடிக் குடியிருப்புத் திட்டம் வேகம் பிடித்தது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ஆம் திகதி பாடசாலைச் சமையலறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகளின் உயிரைக் குடித்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் 1997 ஜூன் 7ஆம் திகதி யாகசாலைப் பந்தல் எரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போருக்குப் பின்னர் வன்னியில் எத்தனையோ பாடசாலைகள் தகரமும் தறப்பாளும் கிடுகும் போட்ட கொட்டகைகளில் நடந்தன. இன்றும் திருவிழா என்றால் ஓலைப் பந்தல்தான். ஆகவே கும்பகோணமும் தஞ்சாவூரும் இங்குள்ள ஆசிரியருக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் தூரத்துச் செய்திகள் அல்ல. இந்த மூன்று சம்பவங்களுக்கும் ஒரு பலகை ஒதுக்குங்கள்.

வற்றாப்பளைக் கண்ணகியை மறந்துவிட வேண்டாம். மதுரையை எரித்தவள் கோபம் ஆறி வந்து அமர்ந்த இடம் என்று முல்லைத்தீவுச் சனம் நம்பும் கோயில் அது. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பார்கள். வன்னி மனத்தில் தீ எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டியதில்லை. கோயிலாரிடம் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்ட அளவுக்கு மட்டும் சொல்லுங்கள். சடங்குப் பொருட்களைக் கேட்டு வாங்கி வைக்கப் போகாதீர்கள்.

இடமும் கட்டடமும்

இலங்கையில் தீயணைப்புச் சேவையை நடத்துவது உள்ளூராட்சி மன்றங்கள். எனவே நூதனசாலைக்கு மிகச் சிறந்த இடம் நகரத் தீயணைப்பு நிலையத்தின் பக்கத்து அறை. சிங்கப்பூர் ஹில் வீதியில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் மத்திய தீயணைப்பு நிலையம் 1909இலிருந்து இயங்குகிறது. அங்கிருந்து இன்றும் வண்டிகள் புறப்படுகின்றன. அதே கட்டடத்தில் குடிசார் பாதுகாப்பு மரபுரிமைக் காட்சிக்கூடமும் இருக்கிறது, அனுமதி இலவசம். பழைய குழாயைப் பார்த்த பிள்ளை அடுத்த நிமிடம் இன்றைய குழாயையும் அதைப் பிடிப்பவரையும் பார்க்கிறது. நூதனசாலையைக் காக்கத் தனி ஆட்படையும் தேவைப்படாது.

மாறாக, லண்டன் தீயணைப்புப் படையின் நூதனசாலை சதக்கில் இருந்த கட்டடம் விற்கப்பட்டபோது 2015இல் மூடப்பட்டது. அத்தனை பெரிய நகரத்தின் படைக்கே அந்த நிலை. கட்டடம் யாருடைய பெயரில் இருக்கிறது, எத்தனை வருடத்துக்கு, மன்றத்தின் ஆட்சி மாறினால் என்ன ஆகும் என்பதை மன்றத் தீர்மானமாக எழுதி வாங்காமல் ஒரு பொருளையும் பொறுப்பேற்காதீர்கள்.

குளிரூட்டி வேண்டியதில்லை. வவுனியாவின் வெயிலுக்கு உயர்ந்த ஓட்டுக் கூரையும் சுற்றிவர விறாந்தையும் காற்றோட்டமும் போதும். பகல் முழுவதும் குளிரூட்டிவிட்டு இரவில் நிறுத்துவது, ஒரே மாதிரியான சூட்டைவிடத் தோலுக்கும் கடதாசிக்கும் அதிகம் கெடுதி. ஐப்பசி தொடக்கம் தை வரை ஈரத்தைக் கவனியுங்கள். பூஞ்சணம் பிடிப்பதும் கறையான் ஏறுவதும் அப்போதுதான். அலுமாரிகளைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு கை அகலம் விடுங்கள்.

பிறேசில் தேசிய நூதனசாலை 2018 செப்டெம்பர் 2ஆம் திகதி இரவு எரிந்தபோது அருகிலிருந்த இரண்டு தீயணைப்பு நீர்க்குழாய்களிலும் தண்ணீர் இல்லை. பக்கத்து ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. இருநூறு ஆண்டுகளாகச் சேர்த்த, இரண்டு கோடி என்று கணக்கிடப்பட்ட பொருட்களில் பெரும்பகுதி அழிந்தது. உங்கள் வளவுக் கிணற்றில் ஆவணி மாதம் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். கொங்கிறீற் தொட்டி ஒன்று எப்போதும் நிறைந்திருக்கட்டும். பழைய வயரிங்கை நம்பாதீர்கள். இரவில் பிரதான ஆளியை அணைத்துவிட்டுப் போகும் பொறுப்பு ஒரேயொருவருடையதாக இருக்கட்டும். காட்சி அறைக்குள் உலர் தூள் அணைப்பான் வைக்க வேண்டாம். அந்தத் தூள் பித்தளையையும் இரும்பையும் அரிக்கும், எல்லா இடுக்கிலும் புகும். அங்கே தண்ணீர் அணைப்பானும் கரியமிலவாயு அணைப்பானும் போதும். தூளை வண்டிக் கொட்டகைக்கு ஒதுக்குங்கள். தீப்பிடித்தால் முதலில் வெளியே எடுக்க வேண்டிய பத்துப் பொருட்களின் பெயரும் இடமும் எழுதிய பட்டியலை வீரர்களிடம் கொடுத்து வையுங்கள். பாரிஸ் நோத்ர தாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15 எரிந்தபோது முக்கியமான பொருட்கள் தப்பியது, எதை எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் அங்கே இருந்ததால்.

ஆபத்தான நன்கொடைகள்

இந்தப் பகுதியை மட்டும் ஊழியர்கள் எல்லோரையும் வாசிக்கச் செய்யுங்கள்.

வன்னியில் நூதனசாலை என்று பலகை மாட்டியதும் சனம் வீட்டிலுள்ள பழைய இரும்பைக் கொண்டுவரும். அதில் வெடிக்காத குண்டும் இருக்கும். 2009க்குப் பின்னர் இந்த மண்ணில் எத்தனை வருடமாகக் கண்ணிவெடி அகற்றுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்கள் 2002இலிருந்து வடக்கில் இந்த வேலையில் இருக்கின்றன. போர்க்காலத்து உலோகப் பொருள் எதையும் வாசலில் வாங்குவதில்லை என்பது எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும். ‘உள்ளே ஒண்டும் இல்லை, நாங்கள் விளக்குத் தாங்கியாத்தான் வைச்சிருந்தனாங்கள்’ என்று கொண்டுவருபவர் சத்தியம் பண்ணினாலும் விதி அதுதான். கொண்டுவந்துவிட்டார் என்றால் கையில் வாங்காமல், சனத்தை விலக்கி, பொலிஸுக்கு அறிவியுங்கள்.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பழைய தீயணைப்பு உபகரணங்களில் அஸ்பெஸ்ரஸ் அதிகம். தீப்போர்வை, கையுறை, முகமூடித் துணி, வண்டியின் பிறேக் என்று எங்கும் இருக்கும். அதன் நுண்ணிய நார் சுவாசப்பைக்குள் போனால் பல வருடம் கழித்து நோய் வரும். பழைய தீப்போர்வை கிடைத்தால் உதறாதீர்கள், கூட்டாதீர்கள், கழுவாதீர்கள். மெல்ல நனைத்து இரட்டைப் பொலித்தீனில் மூடி முத்திரையிட்டு, கண்ணாடிக்குள் மட்டும் காட்டுங்கள். அது நல்ல காட்சிப்பொருள்தான். உயிரைக் காக்க அணிந்த துணியே உயிரைக் குடித்த கதை பார்வையாளருக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, பழைய அணைப்பான்கள். சோடா அமில வகைக்குள் கந்தக அமிலப் போத்தல் இன்னும் இருக்கக்கூடும். பித்தளைக் கைப்பம்பு வகைகளிலும் எறியும் கண்ணாடிக் குண்டுகளிலும் காபன் ரெற்றாகுளோரைட் இருக்கலாம். அது ஈரலைக் கெடுக்கும், தீயில் பட்டால் பொஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாகும். திறந்து பார்க்க வேண்டாம். பல்கலைக்கழக இரசாயனத் துறையினரிடமோ தீயணைப்பு அதிகாரியிடமோ காட்டி வெறுமையாக்கிய பிறகே அலுமாரியில் வையுங்கள். அழுத்த சிலிண்டர்களுக்கும் இதே விதி.

பொருட்களைப் பராமரித்தல்

பித்தளையைப் பார்த்தால் நம்மவர்களின் கை சும்மா இராது. புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் தலைக்கவசத்தையும் குழாய் முனையையும் தேய்த்துவிடுவார்கள். புளியின் அமிலமும் பிராசோவின் தூளும் ஒவ்வொரு முறையும் உலோகத்தின் ஒரு மெல்லிய படையைக் கொண்டுபோகும். பத்து வருடத்தில் பொறித்த எண்ணும் முத்திரையும் மறைந்துவிடும். ஒருமுறை தகுந்தவரைக்கொண்டு சுத்தம் செய்து, மெழுகு பூசி, பிறகு தொடாமல் விடுங்கள். பித்தளைக் கவசம் ஏன் கைவிடப்பட்டது என்பதையும் எழுதுங்கள்: நகரங்களில் மின்சாரம் பரவியபின் அது வீரரின் தலைக்கே ஆபத்தாயிற்று.

கன்வஸ் குழாயைத் தட்டையாக மடித்து வைத்தால் மடிப்பில் வெடிக்கும். நன்றாக உலர்த்தித் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். றப்பருக்கு வெயில் எமன். இருட்டான இடம் கொடுங்கள். துணிப் பொருட்களில் பூச்சி இருந்தால் பொலித்தீனில் காற்றுப்புகாமல் கட்டி ஆழ்குளிர்ப் பெட்டியில் ஒரு வாரம் வைத்தால் முட்டையோடு சாகும். மருந்தடிப்பதைவிட இது நல்லது. இரும்பு வாளிகளில் அடி உருண்டையாக இருப்பவற்றைக் கண்டால் விடாதீர்கள். நிலத்தில் நிற்காதபடி வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள், வேறு வேலைக்கு யாரும் தூக்கிப் போகாமல் இருப்பதற்காக. 1905இல் யாழ்ப்பாணம் வரை போன வடக்கு ரயில் பாதையின் பழைய நிலையங்களில் சிவப்பு வாளிகளைப் பார்த்த ஞாபகம் உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புகைவண்டித் தீப்பொறியால் பற்றிய காடுகளைப் பற்றியும் அவர்களிடம் கேளுங்கள்.

வண்டி கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எரிபொருளை வடித்து, பற்றரியைக் கழற்றி, ரயரில் பாரம் இறங்காமல் முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். மழை படாத கொட்டகை இல்லாவிட்டால் வாங்கவே வேண்டாம். வெளியில் நிறுத்திய வண்டி சில மாரிகளில் பழைய இரும்பாகிவிடும்.

பதிவும் சட்டமும்

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருட்களைத்தான் தொல்பொருள் என்கிறது. உங்கள் கையிலுள்ள எதுவும் அதற்குள் வராது. அதாவது, ஒரு பழைய பம்பையோ நிலையத்தின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டையோ ஏலத்தில் விற்பதைத் தடுக்கச் சட்டம் உங்களுக்குக் கை கொடுக்காது. அரச நிறுவனங்களில் வருடாந்தப் பொருட்கணக்கெடுப்பில் ‘பாவனைக்குதவாதவை’ என்று பிரித்தவை ஏலத்துக்குப் போகும், அங்கிருந்து பழைய இரும்பு லொறிக்குப் போகும். போருக்குப் பின்னர் வன்னியிலிருந்து தெற்கே போன இரும்பு லொறிகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். எனவே கணக்கெடுப்புக்கு முன்னரே மன்றத் தவிசாளருக்கும் உள்ளூராட்சி ஆணையாளருக்கும் எழுதி, மரபுரிமைப் பெறுமதி உள்ளவற்றைத் தனிப் பட்டியலுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுங்கள்: வருடம், அந்த வருடத்தின் எத்தனையாவது வரவு, அதில் எத்தனையாவது பொருள். தடித்த மட்டைக் கொப்பியில் மையால் எழுதி, ஒரு பிரதியை வேறு கட்டடத்தில் வையுங்கள். கணினிப் பதிவு நல்லதுதான், ஆனால் கொப்பிக்குப் பதிலாக அல்ல. நன்கொடையா, இரவலா என்று கையெழுத்து வாங்குங்கள். ‘அப்பாவின்ரை தொப்பியைத் திருப்பித் தாங்கோ’ என்று பத்து வருடம் கழித்து மகன் வந்து நிற்கும்போது அந்தக் கையெழுத்துத்தான் இருவரின் மரியாதையையும் காக்கும்.

என் கணக்கில் எல்லாவற்றிலும் பெறுமதி கூடியது நிகழ்ச்சிக் குறிப்பேடு. எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, எங்கே, என்ன எரிந்தது, எத்தனை மணிக்கு வண்டி திரும்பியது. ஒரு நகரம் எப்படி மாறியது என்பது அதில் இருக்கிறது: எந்த வருடம் ஓலை வீட்டுத் தீ குறைந்தது, எப்போது மின்னொழுக்கு கூடியது, எப்போது குப்பைமேட்டுத் தீ தொடங்கியது. அவற்றை ஸ்கான் செய்ய நூலகம் நிறுவனத்தின் உதவியை நாடுங்கள். 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வரும் அவர்களுக்கு வாய்மொழி வரலாற்றைப் பதிந்த அனுபவமும் உண்டு. குறிப்பேட்டில் தனியாட்களின் பெயரும் முகவரியும் இருக்குமாகையால், எதைத் திறந்து வைப்பது, எதை மூடி வைப்பது என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள்.

எரித்த தீ

வடக்கில் தீயைப் பற்றி நூதனசாலை வைத்துவிட்டு 1981ஐப் பேசாமல் விட முடியாது. மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் பொலிஸாரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் தீ வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. யார் எரித்தார்கள் என்பதை மழுப்பாமல், மிகைப்படுத்தாமல், மூன்று மொழியிலும் ஒரே வாசகமாக எழுதுங்கள்.

அதே சுவரில் இன்னொன்றையும் எழுதுங்கள். 1995 ஒக்டோபர் 20ஆம் திகதி விடுதலைப் புலிகள் கொலன்னாவையிலும் ஒறுகொடவத்தையிலும் எண்ணெய்த் தாங்கிகளைத் தாக்கினார்கள். கொழும்பின் வானம் கறுத்தது. தீயணைப்பு வீரர்கள் நாட்கணக்கில் அந்தத் தீயோடு நின்றார்கள். வவுனியாவின் தெற்கே சிங்களக் கிராமங்கள் இருக்கின்றன. மதவாச்சியிலிருந்து பாடசாலைப் பேருந்து வரும். ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகும் சுற்றுலாக்காரரும் இறங்குவார்கள். அவர்கள் யாழ்ப்பாணத்தின் சாம்பலைப் பார்க்க வேண்டும், நம் பிள்ளைகள் கொலன்னாவையைப் பார்க்க வேண்டும். தீயணைப்பு வீரர் நெருப்பு வைத்தவனின் கட்சியைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் அடிப்பதில்லை. அந்த நியாயம்தான் இந்தச் சுவருக்கும். சிலர் கோபிப்பார்கள். கோபிப்பவரோடு உட்கார்ந்து பேசுங்கள், பலகையைக் கழற்றாதீர்கள்.

எரிந்த உடல்களின் படம் வேண்டாம். தம் வீடு எரிந்ததைச் சொல்ல வருபவரிடம், பெயர் போடலாமா என்று இரண்டு முறை கேளுங்கள், ஒருமுறை பதியும்போது, ஒருமுறை காட்சிக்கு வைக்கும்போது. எழுந்து போக விரும்பினால் போகலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அபாயச் சங்கை எச்சரிக்கை இல்லாமல் ஒருபோதும் ஊத வேண்டாம். சங்கொலி கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடியவர்கள் இந்த ஊரில் இன்னும் நடமாடுகிறார்கள்.

பார்வையாளரும் செயல்முறையும்

வவுனியா தெற்கு, வவுனியா வடக்குக் கல்வி வலயங்களோடு பேசித் தரம் 6 முதல் 9 வரையான வகுப்புகளுக்கு நாள் ஒதுக்குங்கள். பிள்ளைகளை அலுமாரிகளைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போவதற்கு அரை மணித்தியாலம் போதும். மிகுதி நேரம் முற்றத்தில். எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடுவது. அணைப்பானின் ஊசியை இழுத்து, தீயின் அடியைக் குறிபார்த்து, அழுத்தி, இருபக்கமும் வீசுவது. உடுப்பில் பற்றினால் ஓடாமல் நின்று, படுத்து, உருள்வது. இவற்றைத் தீயணைப்பு வீரர்தான் செய்து காட்ட வேண்டும், வழிகாட்டி அல்ல.

வளர்ந்தவர்களுக்கு எரிவாயு பற்றி ஒரு மூலை வேண்டும். 2021 நவம்பர், டிசம்பரில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான அடுப்புகளும் குழாய்களும் வெடித்தன. சிலிண்டரில் இருந்த வாயுக்களின் விகிதம் மாறியதே காரணமாகப் பேசப்பட்டது. அடுத்த வருடம் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற சனம் கிடைத்ததை வீட்டுக்குள் கலனில் அடைத்து வைத்தது. வரலாறு என்று இவற்றைச் சொல்லச் சிலர் தயங்கலாம். ஐந்து வருடத்தில் யாருக்கும் ஞாபகம் இராது. இப்போதே ஒரு றெகுலேற்றரையும் வரிசைச் சீட்டையும் எடுத்து வையுங்கள்.

மும்பைத் துறைமுகத்தில் 1944 ஏப்ரல் 14ஆம் திகதி ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பலில் பஞ்சுப் பொதிகளும் வெடிபொருட்களும் ஒன்றாக இருந்த நிலையில் தீப்பிடித்து வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். இந்தியா அந்த நாளைத் தீயணைப்புச் சேவை நாளாக நினைவுகூர்கிறது. நமக்குச் சித்திரைப் புத்தாண்டும் அதே நாட்களில் வருவதால் அன்று நூதனசாலைக்குக் கூட்டம் வராது. அதற்கு அடுத்த வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, ஓய்வுபெற்ற வீரர்களையும் குடும்பத்தாரையும் அழைத்துச் சாப்பாடு போடுங்கள். பெயர் தெரியாத படங்களை மேசையில் பரப்பி வையுங்கள். படத்தில் நிற்பது யார் என்று அன்று தெரிந்துவிடும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: நுழைவுச் சீட்டால் ஒரு சிறு நூதனசாலையும் பிழைத்ததில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாக விடுங்கள். கடைக்காரருக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் தொழிற்சாலைக்கும் தீப்பாதுகாப்புப் பயிற்சி நடத்திக் கட்டணம் வாங்குங்கள். மன்றத்தின் வரவு செலவுத் திட்டத்தில் மின்கட்டணமும் ஓர் ஊழியர் சம்பளமும் தனித் தலைப்பாக வர வேண்டும். ‘ஏனையவை’க்குள் போட்டால் அடுத்த வருடம் காணாமற் போகும்.

கட்டடம் கிடைக்கும் வரை காத்திருக்காதீர்கள். பொருளாதாரத் தடை காலத்தில் ஜாம் போத்தல் விளக்குச் செய்தவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள். தீயணைப்பு நிலையத்தின் பழைய குறிப்பேடுகள் எந்தக் கணக்கெடுப்பிலும் ஏலத்துக்குப் போகலாம். ஒரு மட்டைக் கொப்பியும் ஒரு பூட்டுள்ள அலுமாரியும் இருந்தால் நூதனசாலை தொடங்கியாயிற்று. இந்த வருடப் பொருட்கணக்கெடுப்புக்கு முன்னர் மன்றத்துக்கு அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.